பதிவு நாடாவும் பூட்டிய பெட்டியும்

ஏடு கைக்கு வந்தவர்க்கு அதனைப் படியெடுக்கும் வாய்ப்பும் உடன் வந்தது. ஓலைச்சுவடி ஒன்றைச் சில திங்கள் இரவல் பெற்றவர், எழுத்தாணியும் பதப்படுத்திய ஓலையும் தம்மிடம் உளவாயின், அதன் படி ஒன்றைத் தம் வீட்டுப் பரணுக்கு உரியதாக்கிக்கொள்ள முடிந்தது. காயல்பட்டினத்துப் புலவர் நாயகம் ஷெய்கு அப்துல் காதிறு நயினார் லெப்பை ஆலிம் அவர்கள் 1842ஆம் ஆண்டில் சீறாப்புராணத்தை அச்சேற்றினார்கள். அதற்கு முன்னர் ஒரு நூற்றாண்டுக்கும் மேலாக அக்காப்பியத்தைக் காத்துத் தந்தவை, பெயர் தெரியாத பலர் தத்தம் இல்லங்களில் இருந்து எழுதிய படிகளே. படியெடுப்பவரின் கருவி அவருடைய சொந்த உடைமையாக இருந்தது என்பதை நாம் பெரும்பாலும் எண்ணிப் பார்ப்பதில்லை. எழுத்தாணியை எவரும் வாடகைக்குத் தரவில்லை. இன்ன சுவடியை மட்டும் எழுதலாம் என்று அதில் பூட்டுப் போடவும் இல்லை.

இதனை நாம் எண்ணிப் பார்க்கும்படி செய்தது மருங்காபுரியில் உள்ள ஒரு வீடு.

திருச்சிராப்பள்ளி மாவட்டத்தில் துவரங்குறிச்சியை அடுத்துள்ள மருங்காபுரி, பழைய ஜமீன் ஊர். நம்மிடம் இளங்கலை பயின்ற மாணவர் ஒருவரின் தந்தையார் அவ்வூரில் வாழ்கிறார். ஓய்வு பெற்ற பள்ளி ஆசிரியர். 1991ஆம் ஆண்டில் அவருடைய மைத்துனர் துபாயிலிருந்து ஒரு வீடியோ பதிவுக் கருவி கொண்டுவந்து கொடுத்தார். விளம்பரங்கள் அதனை வி.சி.ஆர். என்று எழுதினாலும் நம் மக்கள் நாவில் அது 'டெக்' தான். பலர் அதனைத் திரைப்படம் பார்க்கவே பயன்படுத்தினர். ஆசிரியரோ பதிவதற்குப் பயன்படுத்தினார். பட்டிமன்றங்கள், கவியரங்குகள், ரமளான் மாதத்துச் ஸஹர் நேரச் சொற்பொழிவுகள் என நாற்பத்து மூன்று நாடாக்கள் சேர்ந்தன. ஒவ்வொன்றின் முதுகிலும் நாளும் பொருளும் அழகிய கையெழுத்தில் குறிக்கப்பட்டிருந்தன. ஆசிரியர் அல்லவா!

2017ஆம் ஆண்டின் இறுதியில் நாம் அவ்வீட்டிற்குச் சென்றபோது கேபிள்காரரின் பையன் ஒரு புதிய பெட்டியை மாட்டிக்கொண்டிருந்தார்.

"பாய், இனிமே இந்தப் பெட்டி இல்லாம படம் வராது."

"மாட்டுங்க தம்பி. என் டெக்குல பதியுமா?"

"டெக்கா? அதையெல்லாம் இப்ப யாரு பாய் வச்சிருக்கா?"

பையன் குறும்பாகக் கூறவில்லை. உண்மையாகவே அவருக்கு விடை தெரியவில்லை. வடத்தை டெக்கில் செருகிப் பார்த்தோம். எந்த எண்ணுக்குத் திருப்பினாலும் வெண்புள்ளிகளே இரைந்தன. அதுவரை பழுதின்றி ஓடிய கருவி அன்றும் பழுதின்றியே இருந்தது. அது புரிந்துகொள்ளும் மொழியில் பேசுவதை வடம் நிறுத்திவிட்டது.

வடத்தில் நேர்ந்த மாற்றம்

பழைய அலைமுறைக் கேபிளில் ஒவ்வொரு சானலும் தனக்கென ஓர் அலைவரிசையில், திறந்த நிலையில் வந்தது. எல்லாச் சானல்களும் ஒரே வடத்தில் ஒருசேர வீட்டுக்குள் நுழைந்தன. தொலைக்காட்சிப் பெட்டிக்குள் அலைதேர்வான் ஒன்று உண்டு. டெக்குக்குள்ளும் தனியே ஒன்று உண்டு. வடத்தை முதலில் டெக்கில் செருகி, அதிலிருந்து தொலைக்காட்சிக்குக் கொண்டு சென்றால், வீட்டார் ஒரு சானலைக் காணும்போதே டெக் வேறொன்றைப் பதியும். நள்ளிரவில் எல்லாரும் உறங்கும்போதும், குறித்த நேரத்தில் தானே விழித்துக் குறித்த சானலைத் தேடிப் பதிந்துவிட்டு அணைந்துவிடும். கேபிள்காரரின் இசைவோ உதவியோ இதற்குத் தேவைப்படவில்லை. வாடிக்கையாளர் வீட்டில் எத்தகைய கருவி இருக்கிறது என்பதே அவருக்குத் தெரியாது.

எண்முறையில் நிலைமை வேறு. பல சானல்கள் எண்களாகச் சுருக்கப்பட்டு ஒரே அலைவரிசையில் கட்டுக்கட்டாக வருகின்றன. அவற்றுள் பெரும்பாலானவை மறைகுறியாக்கப்பட்டவை. பூட்டைத் திறக்கும் திறவுகோல் செட்டாப் பாக்ஸ் என்னும் பெட்டிக்குள் இருக்கிறது. கட்டணம் செலுத்தியவரின் பெட்டிக்கு நிறுவனம் இசைவு அனுப்பும்; செலுத்தாதவரின் பெட்டி வாய் மூடும். டெக்கில் உள்ள அலைதேர்வானுக்கு எண்களைப் படிக்கவும் தெரியாது, பூட்டைத் திறக்கவும் இயலாது. கணினியில் பொருத்தும் டி.வி. டியூனர் அட்டை வாங்கிப் பதிந்துவந்த இளைஞர்களும் இதே இடரில் சிக்கினர்.

இம்மாற்றம் ஒரே நாளில் வந்ததன்று. சென்னையில் 2003 செப்டம்பர் முதல் நாளிலேயே கட்டணச் சானல்களுக்குப் பெட்டி வேண்டும் என்னும் முறை நடைமுறைக்கு வந்தது. பின்னர், 2011ஆம் ஆண்டின் சட்டத்திருத்தத்தை ஒட்டி நாடு நான்கு கட்டங்களாகப் பிரிக்கப்பட்டது. சென்னை உள்ளிட்ட பெருநகரங்களுக்கு 2012 அக்டோபர் 31 எனவும், கோயம்புத்தூர் இடம்பெற்ற இரண்டாம் கட்டத்திற்கு 2013 மார்ச் 31 எனவும் கெடு விதிக்கப்பட்டது. ஏனைய நகரங்களுக்குரிய 2015 டிசம்பர் 31 என்னும் கெடு வழக்குகளால் தள்ளிப்போயிற்று. மருங்காபுரி போன்ற சிற்றூர்கள் நான்காம் கட்டம். அவற்றின் இறுதி நாள் 2017 மார்ச் 31. தமிழ்நாடு அரசு கேபிள் டிவி நிறுவனம் எண்முறை உரிமம் பெற்றது 2017 ஏப்ரலில்தான். அவ்வாண்டிலேயே அது விலையில்லாப் பெட்டிகளை வழங்கத் தொடங்கியது. இதனால் மக்கள் பெற்ற நன்மைகளை மறுத்தல் நேர்மையன்று. படம் தெளிந்தது, சானல்கள் பெருகின, எத்தனை இணைப்புகள் உள்ளன என்னும் கணக்கு வெளிச்சத்துக்கு வந்தது. ஆயினும் வீட்டாரின் சொந்தக் கருவி என்னாகும் என்னும் வினாவை எவரும் எழுப்பியதாக நாம் கேள்விப்பட்டிலோம்.

அமெரிக்காவில் அவ்வினா எழுந்தது. அந்நாட்டின் 1996ஆம் ஆண்டுத் தொலைத்தொடர்புச் சட்டம், வாடிக்கையாளர் கடையில் வாங்கிய கருவியையே கேபிளில் இணைத்துக்கொள்ள வழி வேண்டும் என்றது. அதன் பயனாகக் 'கேபிள்கார்டு' என்னும் சிறு அட்டை தோன்றியது. திறவுகோல் அட்டையில் இருக்கும், அட்டை நிறுவனத்தினுடையது, அதனைச் செருகும் கருவியோ வீட்டாருடையது. டிவோ போன்ற பதிவுக் கருவிகள் அவ்வட்டையை நம்பியே கேபிளில் இயங்கின. 2020 செப்டம்பரில் அந்நாட்டு ஆணையம், அட்டைக்கு ஆதரவளிக்க வேண்டும் என்ற கட்டாயத்தை நீக்கிவிட்டது. நம் நாட்டில் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையம், ஒரு நிறுவனத்தின் பெட்டி மற்றொரு நிறுவனத்தின் இணைப்பிலும் இயங்க வேண்டும் என்று பரிந்துரைத்தது 2020 ஏப்ரல் 11ஆம் நாள். அங்கே கதவு சாத்தப்பட்ட அதே ஆண்டில்தான் இங்கே கதவு வேண்டும் என்னும் பரிந்துரை வந்தது.

ஆசிரியர் கண்ட வழி

வெண்புள்ளிகளைக் கண்டு ஆசிரியர் சோர்ந்துவிடவில்லை. பெட்டியின் பின்புறத்தில் மஞ்சள், சிவப்பு, வெள்ளை என மூன்று துளைகள் இருந்தன. மஞ்சள் படத்திற்கு, மற்ற இரண்டும் ஒலிக்கு. அவற்றிலிருந்து டெக்கின் உள்வாங்கும் துளைகளுக்குக் கம்பி கொடுத்து, டெக்கைச் சானல் எண்ணிலிருந்து 'ஏ.வி.' என்னும் நிலைக்கு மாற்றினால் படம் பதியும். சில புதிய பெட்டிகளில் மூன்று துளைகளுக்கு மாறாக ஒரே சிறு துளை இருக்கும். ஒரு முனை ஒன்றாகவும் மறுமுனை மூன்றாகவும் உள்ள கம்பி அதற்குக் கடைகளில் கிடைக்கிறது. எச்.டி.எம்.ஐ. என்னும் தட்டையான துளையை நம்பிப் பயனில்லை. டெக்கில் அதற்கு இடமில்லை என்பது ஒன்று; படியெடுப்பைத் தடுக்கும் காப்பு அதன் வழியே வருவது மற்றொன்று.

படம் பதிந்தது, பழைய உரிமை திரும்பவில்லை. பெட்டி எந்தச் சானலில் நிற்கிறதோ அதுவே பதியும். ஒன்றைக் கண்டு மற்றொன்றைப் பதிதல் இயலாது. டெக் குறித்த நேரத்தில் விழித்துக்கொள்ளும், ஆனால் பெட்டியின் சானலை மாற்ற அதற்குக் கையில்லை. ஆகவே இரவு படுக்கச் செல்லுமுன் பெட்டியை உரிய சானலில் நிறுத்தி, அணைக்காமல் விட வேண்டும். 2018ஆம் ஆண்டு ரமளானில் ஆசிரியர் அவ்வாறே செய்து உறங்கினார். இடையில் சிறிது நேரம் மின்சாரம் போய் வந்தது. டெக்கின் கடிகாரம் அதனைத் தாங்கிக்கொண்டது. பெட்டியோ உயிர்பெற்றதும் தன் நிறுவனத்தார் விரும்பிய விளம்பரச் சானலில் போய் நின்றது. ஸஹர் நேரச் சொற்பொழிவு பதிந்திருக்க வேண்டிய நாடாவில் நகைக்கடை விளம்பரம் ஒரு மணி நேரம் ஓடியது. அதனை அவர் அழிக்காமல் வைத்திருக்கிறார். விருந்தினர்க்குப் போட்டுக் காட்டிச் சிரிக்கிறார்.

யு.எஸ்.பி. கோலைச் செருகிப் பதியும் வசதி சில பெட்டிகளிலேயே உண்டே எனச் சிலர் கேட்கலாம். உண்டு. ஆனால் அவ்வாறு பதிந்தவை பெரும்பாலும் அதே பெட்டியில் மட்டுமே ஓடுமாறு பூட்டப்பட்டவை. பெட்டி பழுதுபட்டு மாற்றப்பட்டாலோ, நாம் வேறு நிறுவனத்தை நாடினாலோ கோலில் உள்ளவை திறவா. சேமித்தவர் நாம், சாவி பிறரிடம் என்னும் நிலை அது. நிலையாக வைத்துக்கொள்ள விரும்புவோர் இதனை நம்பாதிருத்தல் நன்று. மஞ்சள் கம்பியின் வழியே வரும் படத்தை யு.எஸ்.பி. வழியே கணினிக்கு எண்களாக மாற்றித் தரும் சிறு கருவி விற்கிறது. அதில் பதிந்த கோப்பு எந்தக் கணினியிலும் ஓடும்.

இது முறையா, திருட்டாகாதா என்னும் ஐயம் மாணவர்க்கு எழக்கூடும். நம் நாட்டின் 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் 39ஆம் பிரிவு ஈண்டு நோக்கத்தக்கது. பதிபவர் தம் சொந்தப் பயன்பாட்டிற்காகவோ, உண்மையான கற்பித்தலுக்காகவோ ஆராய்ச்சிக்காகவோ ஒலி, ஒளிப் பதிவு செய்வது ஒளிபரப்பாளரின் உரிமையை மீறுவதாகாது என்பது அதன் கருத்து. அமெரிக்க உச்ச நீதிமன்றமும் 1984ஆம் ஆண்டில், ஐவர்க்கு நால்வர் என்னும் சிறு பெரும்பான்மையில், பிறிதொரு நேரத்தில் காண்பதற்காக வீட்டில் பதிதல் முறையே எனத் தீர்ப்பளித்தது. பதிந்ததை விற்பதும் ஊர் கூட்டித் திரையிடுவதும் வேறு. அவற்றிற்கு இவ்விலக்கு இடந்தராது. பெட்டியே வெளியே தரும் படத்தைத்தான் நாம் பெறுகிறோம், பூட்டை உடைக்கவில்லை.

முப்பத்தேழாம் நாடா

சட்டம் இடந்தந்தும் கருவி இடந்தராவிடின் என்ன இழப்பு? பட்டிமன்றங்கள்தாம் இணையத்தில் குவிந்து கிடக்கின்றனவே என மாணவர் சிலர் நம்மிடம் வாதிட்டதுண்டு. ஆசிரியரின் முப்பத்தேழாம் நாடாவே அவர்களுக்கு விடை.

1990களில் பல ஊர்களில் கேபிள்காரர்கள் தமக்கென உள்ளூர்ச் சானல் ஒன்றை நடத்தினர். திருமண வாழ்த்து, கடை விளம்பரம், ஊர்த் திருவிழா எல்லாம் அதில் வரும். 1998ஆம் ஆண்டில் அப்பகுதியில் நடந்த மீலாது விழாவை உள்ளூர்ச் சானல் அப்படியே காட்டியது. அதில் ஆசிரியரின் அத்தா நாற்பது நிமிடம் பேசினார். சீறாப்புராணத்தின் மானுக்குப் பிணை நின்ற படலத்தை நினைவிலிருந்தே பாடிப் பொருள் கூறினார். அடுத்த ஆண்டே அவர் மறைந்தார். சானலை நடத்தியவர் அந்த நாடாவின் மேல் வேறு நிகழ்ச்சியைப் பதிந்துவிட்டார். நாடா விலை அவருக்குப் பெரிதாக இருந்திருக்கும், குறை கூறுதற்கில்லை. அவ்வுரையை இன்று உலகில் வேறெங்கும் கேட்க முடியாது. அன்று மாலை மகன் தம் டெக்கில் தாமாகவே பதிந்துகொண்டதனால் மட்டும் அக்குரல் எஞ்சியது. இன்று அத்தகைய நிகழ்ச்சி ஒன்று பூட்டிய பெட்டி வழியே வந்து, பெட்டிக்குள்ளேயே பதியப்பட்டிருப்பின், ஓரிரு பெட்டி மாற்றங்களோடு அது மறைந்திருக்கும்.

ஆயினும் நாடாவும் நிலையானதன்று. ஈரம் பட்டால் பூஞ்சணம் பூக்கும். காந்தப் பூச்சு காலத்தால் உதிரும். இதனினும் பெரிய இடர், ஓட்டுதற்குக் கருவியின்மை. உலகில் டெக் உற்பத்தி செய்துவந்த கடைசி நிறுவனம் எனப்பட்ட ஜப்பானின் ஃபூனாய், 2016 ஜூலையுடன் அவ்வுற்பத்தியை நிறுத்திவிட்டது. எனவே வீட்டில் நாடா வைத்திருப்போர் அதனைப் படுக்க வைக்காமல் நூலைப் போல நிறுத்தி, உலர்ந்த இடத்தில் வைக்க வேண்டும். பூஞ்சணம் தெரியும் நாடாவைத் துடைக்காமல் டெக்கில் இடலாகாது. ஒரு நாடாவின் பூஞ்சணம் டெக்கின் தலையில் ஒட்டி அடுத்த நாடாக்களையும் கெடுக்கும். முதலில் படியெடுக்க வேண்டியது திரைப்படங்களை அன்று; வேறெவரிடமும் இல்லாதவற்றை. படியெடுத்த கோப்பை இரண்டு இடங்களில் வைத்தல் வேண்டும். மூன்று மணி நேர நாடாவைப் படியெடுக்க மூன்று மணி நேரமே ஆகும், விரைவுபடுத்த வழியில்லை. ஏடு பெயர்த்தெழுதியோர் கொண்ட பொறுமையோடு ஒப்பிட இது பெரிதன்று.

நம் துறை மாணவர் இருவர் விடுமுறை நாட்களில் மருங்காபுரிக்குச் சென்று ஆசிரியரின் நாடாக்களைக் கணினியில் ஏற்றி வருகின்றனர். நாற்பத்து மூன்றில் முப்பத்தொன்று முடிந்துள்ளது. முப்பத்தேழாம் நாடாவையே முதலில் எடுத்தோம். அதில் பதினெட்டாம் நிமிடத்தில் படம் கிழிந்து ஓடுகிறது. குரல் மட்டும் தெளிவாக இருக்கிறது. நான்கு நாடாக்களில் பூஞ்சணம் பரவியுள்ளது. அவற்றைத் தனியே வைத்திருக்கிறோம். டெக்கின் தலை தேய்ந்து வருவதால், எஞ்சிய எட்டையும் வரும் கோடை விடுமுறைக்குள் முடித்தாக வேண்டும். ஓடும் நிலையில் உள்ள டெக் எவர் வீட்டுப் பரணிலேனும் இருப்பின், நம் துறைக்குச் சில திங்கள் இரவல் தந்துதவ வேண்டுகிறோம்.