கோடைக்கால வகுப்பறையின் கதவு யாருக்குத் திறக்கிறது?

ஒவ்வோர் ஆண்டும் ஜூன், ஜூலை மாதங்களில் அமெரிக்கப் பல்கலைக்கழகங்களின் இளங்கலை மாணவர்கள் வளாகத்தை விட்டு வெளியேறியதும், அவர்களது விடுதி அறைகளில் பள்ளி மாணவர்கள் குடியேறுகின்றனர். சில வாரங்கள் அங்கேயே தங்கி, பேராசிரியர்களிடம் பாடம் கேட்டு, நூலகத்தையும் ஆய்வகத்தையும் பயன்படுத்திவிட்டுத் திரும்புகின்றனர். பார்வைக்கு இது ஒரு விடுமுறை வகுப்பு மட்டுமே. ஆனால் உயர்கல்வியின் வாசலுக்கு யார் முன்கூட்டியே அழைக்கப்படுகிறார், யார் வெளியே நிறுத்தப்படுகிறார் என்பதை இது தீர்மானிக்கிறது. சமூகநீதி பேசும் நாம் இதை ஊன்றிக் கவனிக்க வேண்டிய காரணம் அதுவே.

இத்தகைய வகுப்புகள் மூன்று வகைப்படும். முதல் வகை, கட்டணம் செலுத்திச் சேர்வது. ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் இரண்டு வார வகுப்புக்கு அண்மை ஆண்டுகளில் 5,000 டாலருக்கும் மேல் வசூலிக்கப்படுகிறது. இதில் சேர்ந்தால் பட்டப்படிப்பில் இடம் உறுதி என்று எந்தப் பல்கலைக்கழகமும் சொல்வதில்லை. எனினும், பேராசிரியரிடம் அச்சமின்றிக் கேள்வி கேட்கும் பழக்கமும், இந்த இடம் எனக்கும் உரியது என்ற நினைப்பும் அந்தப் பணத்திற்குக் கிடைத்துவிடுகின்றன. பிற்காலத்தில் இவையே ‘தகுதி’ என்று பெயர் பெறுகின்றன.

இரண்டாம் வகை, கடும் போட்டியில் தேர்வு செய்து இலவசமாகக் கற்பிப்பது. எம்.ஐ.டி. நிறுவனம் 1975இல் தொடங்கிய ‘மைட்ஸ்’ இதற்கு எடுத்துக்காட்டு. பொறியியலிலும் அறிவியலிலும் இடம் மறுக்கப்பட்டிருந்த கறுப்பின, லத்தீன், அமெரிக்கப் பூர்வகுடிச் சமூக மாணவர்களுக்காகவே அது உருவாக்கப்பட்டது.

மூன்றாம் வகை, அரசு சட்டம் இயற்றி, நிதி ஒதுக்கி நடத்துவது. குடியரசுத் தலைவர் லிண்டன் ஜான்சன் அறிவித்த ‘வறுமைக்கு எதிரான போரின்’ பகுதியாக, 1964ஆம் ஆண்டின் பொருளாதார வாய்ப்புச் சட்டத்திலிருந்து பிறந்த ‘அப்வேர்ட் பவுண்ட்’ திட்டம் இவ்வகையைச் சேர்ந்தது. இதன் விதிகளைச் சட்ட மாணவர்கள் அவசியம் படிக்க வேண்டும்.

பயனாளிகளில் மூன்றில் இரண்டு பங்கினர் இரண்டு நிபந்தனைகளையும் ஒருசேர நிறைவு செய்ய வேண்டும். ஒன்று, குடும்பத்தின் வரிக்குரிய வருமானம் வறுமைக்கோட்டின் 150 விழுக்காட்டைத் தாண்டக் கூடாது. மற்றொன்று, பெற்றோர் இருவருமே இளங்கலைப் பட்டம் பெறாதவராக இருக்க வேண்டும். கோடைக்கால வகுப்பு, விதிவிலக்கு பெற்றாலன்றி, ஆறு வாரம் நடக்க வேண்டும். வாரத்தில் ஐந்து நாள் கற்பித்தலோ வழிகாட்டலோ இருக்க வேண்டும். கோடையோடு கைவிட்டுவிடாமல், கல்வியாண்டு முழுவதும் துணை நிற்பதும் திட்டத்தின் கடமை.

இவை எல்லாவற்றிலும் முக்கியமானது, மாணவர்களுக்கு உதவித்தொகை வழங்கவும் சட்டம் இடம் தருவது. கோடை மாதங்களில் மாதம் 60 டாலர் வரையும், ஏனைய மாதங்களில் 40 டாலர் வரையும் வழங்கலாம். தொகை சிறிதுதான். ஆனால் அதன் பின்னுள்ள புரிதல் பெரிது. ஏழை வீட்டுப் பிள்ளைக்குக் கோடை என்பது ஓய்வுக்காலம் அன்று, சம்பாதிக்கும் காலம். நம் ஊரில் பதினொன்றாம் வகுப்பு முடித்த மாணவர் கேட்டரிங் வேலைக்கும் சித்தாள் வேலைக்கும் செல்வதை நாம் அறிவோம். வகுப்பை இலவசமாக்கினாலும், இழக்கும் கூலிக்கு ஈடு இல்லையெனில் அந்த வகுப்பு அவருக்கு இலவசமாகாது.

1964ஆம் ஆண்டிலேயே மற்றொரு சட்டமும் பிறந்தது. அது குடியுரிமைச் சட்டம். அரசு நிதி பெறும் எந்த நிறுவனமும் இனத்தின் அடிப்படையில் பாகுபாடு காட்டக் கூடாது என்பது அதன் ஆறாம் பகுதி. கறுப்பின மக்களின் நெடிய போராட்டத்தால் விளைந்த அந்தப் பாதுகாப்பே, பின்னாளில் அவர்களுக்கான திட்டங்களுக்கு எதிராகத் திருப்பப்பட்டது. மைட்ஸ் வகுப்பு வெள்ளையரை விலக்குகிறது என்று மத்தியக் கல்வித் துறையின் குடியுரிமைப் பிரிவிடம் புகார் சென்றது. விளைவாக, 2003ஆம் ஆண்டின் தொடக்கத்தில் எம்.ஐ.டி. அதனை எல்லா இனத்தவருக்கும் திறந்துவிட்டது. பெயரிலிருந்த ‘சிறுபான்மையினர்’ என்ற சொல்லும் பிறகு நீங்கியது. 2023 ஜூன் 29 அன்று ஹார்வர்டு வழக்கில் அமெரிக்க உச்ச நீதிமன்றம், மாணவர் சேர்க்கையில் இனத்தைக் கணக்கில் கொள்வதையே சட்டவிரோதம் என்று தீர்ப்பளித்தது.

வறுமையையும் முதல் தலைமுறைக் கல்வியையும் அளவுகோலாகக் கொண்ட அப்வேர்ட் பவுண்ட் இந்த வழக்குகளுக்குத் தப்பி நின்றது. ஆனால் அதற்கு வேறு வடிவில் தாக்குதல் வந்தது. ‘இத்திட்டத்தால் பயன் உண்டா?’ என்ற கேள்வியே அந்த வடிவம். அரசு நியமித்த ஆய்வு ஒன்று, ஒட்டுமொத்தமாகப் பார்த்தால் கல்லூரிச் சேர்க்கையில் பெரிய மாற்றம் இல்லை என்றது. அதே ஆய்வு, பட்டம் பெறுவோம் என்ற எதிர்பார்ப்பே இல்லாதிருந்த மாணவர்கள் நான்காண்டுக் கல்லூரிகளில் சேர்வது கணிசமாக உயர்ந்ததையும் கண்டது. முதல் வரி நிதியை நிறுத்துவதற்கான வாதமாயிற்று. நமக்கு வேண்டியதோ இரண்டாவது வரி. நன்றாகப் படிப்பவரை மட்டும் பொறுக்கி எடுத்தால், எப்படியும் கல்லூரிக்குச் செல்லவிருந்தவருக்கே வகுப்பு போய்ச் சேரும்.

2006இல் கல்வித் துறை புதிய ஆய்வு ஒன்றைத் தொடங்கி, தேவையைப் போல் இருமடங்கு மாணவர்களைத் திரட்டி, அவர்களில் பாதிப் பேருக்கு வாய்ப்பை மறுத்து ஒப்பிட்டுப் பார்க்க முனைந்தது. ஏழைக் குழந்தைகளை ஆசை காட்டி அழைத்துவந்து வெறுங்கையோடு அனுப்புவதா என்று எதிர்ப்பு எழுந்தது. 2008ஆம் ஆண்டுச் சட்டத்தின் வழியாக நாடாளுமன்றம் அதற்கு முற்றுப்புள்ளி வைத்தது. எனினும், 2025இல் டிரம்ப் அரசு அடுத்த நிதியாண்டுக்காக முன்வைத்த வரவு செலவுத் திட்டம், அப்வேர்ட் பவுண்டை உள்ளடக்கிய ‘ட்ரியோ’ திட்டங்கள் முழுவதற்கும் நிதியை நீக்கப் பரிந்துரைத்தது.

இந்த வரலாற்றிலிருந்து நாம் கற்பது என்ன? அமெரிக்காவில் இன்று இனத்தின் பெயரைச் சொல்லி ஒரு வகுப்பைத் தொடங்க முடியாது. இந்தியாவில் சாதியால் ஒடுக்கப்பட்டோருக்கென்று தொடங்க அரசமைப்புச் சட்டமே வழிவிடுகிறது. சென்னை மாகாணத்தின் வகுப்புவாரி ஆணையைச் செண்பகம் துரைராஜன் வழக்கில் உச்ச நீதிமன்றம் ரத்து செய்ததை அடுத்து, 1951இல் முதல் திருத்தத்தின் மூலம் 15(4) பிரிவு சேர்க்கப்பட்டது. அது கல்வி நிறுவன இடஒதுக்கீட்டோடு நின்றுவிடுவதன்று. பட்டியல் சாதியினர், பழங்குடியினர் ஆகியோரின் முன்னேற்றத்திற்கான ‘எந்தச் சிறப்பு ஏற்பாட்டையும்’ அது அனுமதிக்கிறது. ஆறு வாரக் கோடை வகுப்பும் அதில் அடங்கும். இத்தகைய ஏற்பாடு சமத்துவத்திற்கு விலக்கு அன்று, சமத்துவத்தின் ஒரு கூறு என்ற பார்வைக்கு 1975ஆம் ஆண்டின் என்.எம். தாமஸ் வழக்குத் தீர்ப்பு வலுச் சேர்த்தது.

ஆனால் 15(4) அரசுக்கு அதிகாரம் தருகிறதே ஒழிய, கட்டளையிடவில்லை. எனவே நீதிமன்றப் படியேறி மட்டும் இதைப் பெற்றுவிட முடியாது. அரசியல் கோரிக்கையாகவே எழுப்ப வேண்டும். பட்டியல் சாதியினர், பழங்குடியினருக்கான வளர்ச்சிச் செயல்திட்டச் சட்டத்தைத் தமிழ்நாடு 2024இல் நிறைவேற்றியுள்ளது. ஒதுக்கப்படும் நிதி எதற்குச் செலவாகிறது என்று கேட்பதற்கு அது ஒரு பிடிமானம்.

ஆதிதிராவிடர் நலப் பள்ளிகளிலும் விடுதிகளிலும் பயிலும் மாணவர்களுக்கு அரசுப் பல்கலைக்கழகங்களின் கதவுகள் கோடையில் திறக்கப்பட வேண்டும். தங்குமிடமும் உணவும் இலவசமாக இருப்பதோடு, இழக்கும் கூலிக்கு ஈடான உதவித்தொகையும் வேண்டும். மதிப்பெண்ணை வைத்து வடிகட்டாமல், வீட்டில் முதல் பட்டதாரி ஆகப்போகிறவருக்கு முன்னுரிமை தர வேண்டும். வகுப்பு முடிந்த பின்னும் கல்லூரியில் சேரும் வரை துணை நிற்க வேண்டும். இவை அனைத்தும் ஓர் அதிகாரியின் நல்லெண்ணத்தைச் சார்ந்திராமல் சட்ட விதிகளாக எழுதப்பட வேண்டும். எழுதப்பட்ட உரிமையைப் பறிக்க வருவோர் நம் கண்ணில் படுவர். எழுதப்படாத சலுகையோ ஓசையின்றி மறைந்துவிடும்.