தட்டில் எத்தனை கிராம்?

“நான் சோறே சாப்பிடுவதில்லை, ஆனாலும் இனிப்பு நீர் குறையவில்லை” என்று நம் வீடுகளில் யாராவது ஒருவர் குறைப்பட்டுக் கொள்வதைக் கேட்டிருப்போம். என் அப்பாவும் அப்படித்தான் சொன்னார். காலையில் இரண்டு ரொட்டி சானாய், ஒரு தே தாரிக். மதியம் சோற்றுக்குப் பதிலாக மீகூன் கோரேங். சோறு இல்லைதான். ஆனால், மாவுச்சத்து அப்படியே இருந்தது.

மலேசியாவில் 2023ஆம் ஆண்டு நடத்தப்பட்ட தேசியச் சுகாதார ஆய்வின்படி, பெரியவர்களில் 15.6 விழுக்காட்டினருக்கு, அதாவது ஏறத்தாழ ஆறில் ஒருவருக்கு, நீரிழிவு உள்ளது. ஆகவே, மாவுச்சத்தை எண்ணத் தெரிந்திருப்பது நம்மில் பலருக்குப் பயன்படும்.

எண்ணுவது எப்படி?

சோறு, மாவுப் பண்டங்கள், கிழங்கு, சீனி ஆகியவற்றில் உள்ள மாவுச்சத்து செரிமானத்தின்போது குளுக்கோசாக மாறி இரத்தத்தில் கலக்கிறது. உணவியலாளர்கள் 15 கிராம் மாவுச்சத்தை ஒரு பங்காகக் கணக்கிடுவர். வெந்த வெள்ளைச் சோறு 100 கிராமில் ஏறக்குறைய 28 கிராம் மாவுச்சத்து உண்டு. ஒரு கிண்ணச் சோறு 200 கிராம் எடையிருந்தால் 56 கிராம். கிட்டத்தட்ட நான்கு பங்கு.

இப்போது அப்பாவின் காலை உணவைக் கணக்கிடுவோம். ஒரு ரொட்டி சானாய், அளவைப் பொறுத்து, சுமார் 45 கிராம், இரண்டுக்கு 90. தே தாரிக்கில் இரண்டு மேசைக்கரண்டி கெட்டிப்பால் ஊற்றினால் ஏறக்குறைய 22 கிராம். ஆக மொத்தம் 112. நாள் ஒன்றுக்கு 130 கிராமுக்கும் குறைவாக உண்பதையே பொதுவாகக் ‘குறை மாவுச்சத்து உணவுமுறை’ என்கிறார்கள். பொழுது விடிந்த ஒரு மணி நேரத்திலேயே அப்பாவின் கணக்கு ஏறக்குறைய முடிந்துவிட்டது!

முட்டை, மீன், கோழி ஆகியவற்றில் மாவுச்சத்து மிகச் சொற்பம். ஆனால், மாவில் தோய்த்துப் பொரித்த கோழியையும் சாம்பாரில் மிதக்கும் உருளைக்கிழங்கையும் கணக்கில் சேர்க்க வேண்டும்.

பொட்டலத்தில் வரும் உணவுகளில் இன்னொரு சிக்கல் உண்டு. அமெரிக்கப் பொருள்களின் அட்டையில் மொத்த மாவுச்சத்துக்குள் நார்ச்சத்தும் அடங்கியிருக்கும். நார்ச்சத்து குளுக்கோசாக மாறாததால் அதைக் கழித்துக் கொள்ளலாம். ஐரோப்பியப் பொருள்களில் நார்ச்சத்தைத் தனியாகவே குறித்திருப்பார்கள். அதை மீண்டும் கழித்தால் கணக்குத் தவறிவிடும். அட்டையிலுள்ள எண் 100 கிராமுக்கா, ஒரு பரிமாறலுக்கா என்பதையும் பார்க்க வேண்டும்.

நான் செய்த தவறு

இவ்வளவும் படித்த உற்சாகத்தில், விடுமுறையில் வீட்டுக்குப் போனபோது அப்பாவின் உணவை நாளொன்றுக்கு 40 கிராமாகக் குறைத்தேன். அவர் உட்கொண்டதோ கணையத்தைத் தூண்டி இன்சுலினைச் சுரக்கச் செய்யும் மாத்திரை. உணவைக் குறைத்தேன்; மாத்திரையை யோசிக்கவில்லை. மூன்றாம் நாள் மாலை அப்பாவுக்கு வியர்த்துக் கொட்டியது, கை நடுங்கியது. சோதித்துப் பார்த்தால் லிட்டருக்கு 3.2 மில்லிமோல். நான்குக்குக் கீழே இறங்கினாலே ஆபத்து. மூன்று தேக்கரண்டி சீனியைத் தண்ணீரில் கரைத்துக் கொடுத்தோம். 15 நிமிடம் கழித்து மீண்டும் சோதித்தபோது 4.6. அந்தப் பதினைந்து நிமிடத்தை என்னால் மறக்க முடியாது. மறுநாள் மருத்துவர் மாத்திரையின் அளவைக் குறைத்தார். “முதலில் என்னிடம் வந்திருக்க வேண்டும்” என்றார். அவர் சொன்னது நியாயம்தான்.

எனவே நண்பர்களே, இன்சுலின் போடுவோரும் நீரிழிவு மாத்திரை உண்போரும் கர்ப்பிணிகளும் சிறுநீரக நோயாளிகளும் மருத்துவரைக் கேட்காமல் மாவுச்சத்தைத் திடீரெனக் குறைக்கக் கூடாது. மற்றவர்கள் ஒரு வாரம் மட்டும் சமையலறைத் தராசில் உணவை நிறுத்து, குறிப்பேட்டில் எழுதிப் பாருங்கள். அதற்குப் பிறகு கண்ணே அளவு சொல்லும். உணவகத்தில் ‘தே ஓ கோசோங்’ கேட்டுப் பழகுவதும் நல்ல தொடக்கமே.

அப்பா இப்போது மதியம் அரைக் கிண்ணம் சோறு சாப்பிடுகிறார். “28 கிராம், சரியா?” என்று அவரே என்னைக் கேட்கிறார்.