ஹேர்ட்விக்: காணியோடு கைமாறும் ஆடுகள்

இங்கிலாந்தின் வடமேற்கில், கம்ப்ரியாவின் ஏரி மலைநாட்டில், குத்தகைப் பண்ணை ஒன்று கைமாறும்போது வீடும் வயலும் மட்டும் கைமாறுவதில்லை. பல பண்ணைகளில் மலையில் மேயும் ஆடுகளும் சேர்ந்தே போகின்றன. வெளியேறுபவர், தான் பொறுப்பேற்ற அளவு ஆடுகளை அடுத்தவருக்கு விட்டுச்செல்ல வேண்டும். ஹேர்ட்விக் என்ற செம்மறி இனத்தைப் பற்றித் தேடி வாசித்தபோது என்னை நிறுத்தியது இந்த வழக்கம்தான்.

காரணம் எளிது. அந்த மலைகளின் மேல்பகுதி பொதுக் காணி. பெரும்பாலும் வேலி கிடையாது. இருந்தும் ஒவ்வொரு பட்டியும் தன் எல்லைக்குள்ளேயே மேய்கிறது. புல் எங்கே, காற்றடித்தால் ஒதுங்கும் பாறை எங்கே, எதுவரை போகலாம் என்பதைக் குட்டி தாயின் பின்னால் நடந்தே பழகுகிறது. அது வளர்ந்து தன் குட்டிக்குக் காட்டுகிறது. அந்த ஆட்டை வேறு மலைக்குக் கொண்டுபோனால் அதற்கு அங்கே ஒன்றும் தெரியாது.

பிறக்கும்போது குட்டி கறுப்பு. வயது ஏற ஏற உரோமம் பழுப்பாகிச் சாம்பல் நிறமாகும், முகம் வெளுத்துவிடும். கடாக்களுக்குப் பெரும்பாலும் கொம்பு உண்டு, மறிகளுக்கு இல்லை. உரோமம் முரடு. மழைக்கும் பனிக்கும் நல்ல கவசம், சந்தையில்தான் விலை போகாது.

வன்னியில் மாட்டுக்குக் குறி சுடுவதுபோல அங்கே காது வெட்டும் உரோமத்தில் வர்ணக் குறியும் உண்டு. வழிதவறிய ஆட்டை உரியவரிடம் சேர்ப்பதற்காக, 1817 இல் ஜோசப் வோக்கர் என்பவர் இக்குறிகளைப் படங்களோடு நூலாக்கினார். பட்டியை அவிழ்த்துவிட்டு இடம்பெயர்ந்த நம்மவர்களுக்குக் குறியின் பெறுமதியை விளக்கத் தேவையில்லை.

சிறுவர் கதைகள் எழுதிய பியற்றிக்ஸ் பொட்டர் இந்த ஆடுகளை வளர்த்தவர் என்பது பலருக்குத் தெரியாது. 1943 இல் இறந்தபோது 4,000 ஏக்கருக்கு மேற்பட்ட நிலத்தை நஷனல் ட்ரஸ்ட் என்ற அறக்கட்டளைக்கு எழுதிவைத்தார். தன் மலைப்பண்ணைகளில் ஹேர்ட்விக் ஆடுகளே தொடர வேண்டும் என்றும் கேட்டிருந்தார்.

2001 இல் கோமாரி நோய் வந்தது. நோயைத் தடுக்கவென்று பிரித்தானியாவில் 60 இலட்சத்துக்கு மேற்பட்ட கால்நடைகள் கொல்லப்பட்டன. குளிர்காலத்துக்காகத் தாழ்நிலப் பண்ணைகளுக்கு அனுப்பியிருந்த இளம் ஹேர்ட்விக் ஆடுகளும் அவற்றில் அடக்கம். இழப்பீடு கொடுத்தார்கள். ஆனால் அந்தப் பணத்தில் ஆடு வாங்கலாம். மலையை அறிந்த ஆட்டை வாங்க முடியாது. வயதான மறிகள் மலையில் தப்பியிருந்த இடங்களில் அவற்றின் பின்னால் அடுத்த குட்டிகள் பழகின. பட்டி முழுவதும் போன இடங்களில் மேய்ப்பவர்கள் தாங்களே எல்லையில் நின்று, புதிய ஆடுகளை நாள்தோறும் திருப்பிவிட வேண்டியிருந்தது. தற்காலிக வேலிகளும் போட்டார்கள். ஒரு பருவத்தில் முடிகிற வேலையல்ல அது.