கிடப்பதும் கிடத்துவதும்

காய்ச்சலில் படுத்திருந்த எங்கள் தோழி ஒருத்தி, லீவு லெட்டரில் 'ஐ ஆம் லேயிங் இன் பெட்' என்று எழுதிவிட்டாள். கோழி முட்டையிடுவதற்குரிய சொல் அல்லவா 'லே'! வகுப்பே சிரித்தது. "அப்படியானால் சரியான சொல் எது?" என்று ஆசிரியை கேட்டதும் சிரித்த நாங்கள் அனைவரும் வாயடைத்துப் போனோம்.

வழி நம் தமிழ் இலக்கணத்திலேயே இருக்கிறது. தானே செய்வது தன்வினை. பிறவற்றைச் செய்விப்பது பிறவினை. எழு, எழுப்பு என்பன போன்றவையே ஆங்கிலத்தின் 'ரைஸ்', 'ரெய்ஸ்'. கதிரவன் எழுவது ரைஸ். நாம் வகுப்பில் கையை உயர்த்துவது ரெய்ஸ். அவ்வாறே, கிடப்பது 'லை'. ஒன்றைக் கிடத்துவது 'லே'. விழுவது 'ஃபால்', மரத்தை வெட்டி வீழ்த்துவது 'ஃபெல்'. ஐயம் வந்தால் 'எதை?' என்று கேட்டுப் பாருங்கள். விடை கிடைத்தால் அது பிறவினை.

இதில் ஒரு பொல்லாத இடமும் உண்டு. 'லை' என்பதன் இறந்தகாலமும் 'லே' தான்! நேற்றுப் படுத்தேன் என்பதற்கு 'ஐ லே டவுன்'. புத்தகத்தை மேசைமேல் வைத்தேன் என்றால் 'ஐ லெய்ட் த புக்'. நாங்கள் தடுமாறியது பெரும்பாலும் இங்கேதான்.

தோழி எழுதியிருக்க வேண்டியது 'ஐ ஆம் லையிங் இன் பெட்'. 'லையிங்' என்றால் பொய் சொல்வதும் ஆகும். ஆகவே, லீவு லெட்டரில் 'இன் பெட்' என்பதை மட்டும் விட்டுவிடாதீர்கள்!