வயர்லெஸ் மைக் ஏன் திக்குகிறது?

திருவையாற்றில் புஷ்ய பகுள பஞ்சமியன்று, காவிரிக் கரையில் தியாகராஜர் சமாதியருகே நூற்றுக்கணக்கானோர் சேர்ந்து பஞ்சரத்ன கீர்த்தனைகளைப் பாடுவார்கள். இப்படி நெருக்கியடித்து உட்கார்ந்த கூட்டத்தில்தான் வயர்லெஸ் மைக்குக்குச் சோதனை. நடந்துகொண்டே பேசுபவரின் குரல் சட்டென்று அறுந்துபோகும்.

அந்த மைக் ஒரு குட்டி வானொலி நிலையம். குரலை, உதாரணத்துக்கு 600 மெகாஹெர்ட்ஸில், மிகக் குறைந்த சக்தியோடு அனுப்புகிறது. அலைநீளம் 50 செ.மீ. நம் உடம்பில் பெரும்பகுதி தண்ணீர். அது இந்த அலையை விழுங்கிவிடும். எனவே அலையை வாங்கும் ரிசீவரை மேடைக்கடியில் ஒளித்துவைப்பது வீண். ஆன்டெனா தலைகளுக்கு மேலே, மைக்குக்கு நேராகத் தெரியும்படி நிற்கவேண்டும்.

ரிசீவரில் இரண்டு ஆன்டெனா இருப்பது எதற்கு? நேரே வரும் அலையும் தகரக் கூரையில் பட்டுத் திரும்பும் அலையும் எதிரெதிராகச் சந்தித்தால் ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும். ஒரு சாண் தள்ளினால் சிக்னல் மறுபடி இருக்கும். இரண்டில் எது தெளிவோ, அதை ரிசீவர் கண்ணிமைக்குமுன் பிடித்துக்கொள்ளும்.

பலரும் சறுக்குவது அலைவரிசைத் தேர்வில். மூன்று மைக்குகளை 600, 601, 602 என்று வைத்தால் பார்க்க ஒழுங்கு; வினையும் அதுவே. முதல் இரண்டும் அருகருகே வந்தால் அவற்றின் மின்சுற்றுக்குள் அலைகள் கலக்கும். 601-இன் இரட்டிப்பில் 600 போக மிச்சம் 602: அங்கே ஒரு போலிச் சிக்னல் பிறந்து மூன்றாவது மைக்கைக் கெடுக்கும். அதை 602.7-க்கு நகர்த்தினால் தப்பிக்கலாம்.

உட்கார்ந்து பாடும் வித்வானுக்கு ஏன் இந்த வம்பு? அவருக்கு வயர் மைக்கே போதும்.