சாவியை எடுத்த பிறகும் ஓடும் இன்ஜின்: டர்போ டைமர் வேணுமா?

"வண்டிக்கு டர்போ டைமர் போடலாமா?"ன்னு நிறைய பேர் கேட்டிருந்தீங்க. நான் போட்டேன். ஆறு மாசத்துல கழற்றியும் விட்டேன். ரெண்டுக்கும் காரணம் இருக்கு.

டர்போ என்பது, இன்ஜினிலிருந்து வெளியேறும் புகையின் வேகத்தில் சுழலும் ஒரு சின்னச் சக்கரம். அதே தண்டின் மறுமுனையில் இன்னொரு சக்கரம். அது காற்றை அமுக்கி இன்ஜினுக்குள் தள்ளும். நல்லா மிதிச்சா அந்தத் தண்டு நிமிடத்துக்கு 1 லட்சம் சுற்றுக்கு மேல போகும். பெட்ரோல் வண்டியில் புகைப் பக்கம் 900 டிகிரி செல்சியஸைக்கூடத் தொடும், டீசலில் கொஞ்சம் கம்மி. இவ்வளவுக்கும் நடுவுல தண்டைத் தாங்குறது பேரிங்கில் இருக்கும் மெல்லிய ஆயில் படலம்தான்.

இப்போ சாவியைத் திருகி ஆஃப் பண்றீங்க. ஆயில் பம்ப் நின்னுடும். சூடு நிக்காது. அது மெதுவா பேரிங் பக்கம் ஏறி, அங்கே தேங்கின ஆயிலைக் கருக்கும். கழுவாத தோசைக்கல் மாதிரி பிசுக்கு படியும். ஒரே நாளில் ஒண்ணும் ஆகாது. பல மாசம் இப்படியே போனா ஆயில் வர்ற வழி அடைபட்டு டர்போ செத்துடும்.

இதுக்குத்தான் டைமர். இக்னிஷன் ஒயரிங்குக்கு நடுவுல ஒரு சின்ன டப்பா. நீங்க சாவியை எடுத்தாலும் அது ஒரு நிமிடமோ மூணு நிமிடமோ கரண்ட் கொடுத்து இன்ஜினை ஐடிலில் ஓட வைக்கும். 90-களின் ஜப்பான் டர்போ கார்களில் எச்.கே.எஸ். டைமர் ரொம்பப் பிரபலம். அதைப் பார்த்துதான் எனக்கும் ஆசை.

என்னோடது செகண்ட் ஹேண்ட் டீசல் ஹேட்ச்பேக். டைமரில் ஹேண்ட்பிரேக்குக்குன்னு தனி ஒயர் ஒண்ணு உண்டு. பிரேக் இழுக்கலைன்னா டைமர் வேலை செய்யாது. என் வண்டிக்கு மாட்டினவர் அதை இணைக்கவே இல்லை. நானும் கேட்கலை. எனக்கோ கியரில் போட்டு நிறுத்துற பழக்கம். ஒரு ராத்திரி அப்பார்ட்மென்ட் பார்க்கிங்கில் சாவியை எடுத்துட்டு, முதல் கியர் போட்டு, கிளட்சை விட்டேன். இன்ஜின் ஓடிட்டு இருந்தது மறந்தே போச்சு. வண்டி ஒரு துள்ளு துள்ளி, தூணுக்கு ஒரு சாண் முன்னால ஆஃப் ஆச்சு. சாயங்காலம் பக்கத்து வீட்டுப் பையன் சைக்கிள் விடுற இடம் அது. அன்னிக்குத் தூக்கமே வரலை. மறுநாள் காலையில முதல் வேலையா கழற்றச் சொன்னேன்.

பேஸ்மென்ட்டில் ஆளில்லாம ஓடும் இன்ஜினோட கார்பன் மோனாக்சைடு இன்னொரு பிரச்சினை. வாசனையே இல்லாத விஷம் அது.

உண்மையில, ஊருக்குள்ள ஓட்டுறவங்களுக்கு டைமர் தேவையில்லைன்னுதான் நான் சொல்வேன். கடைசி ரெண்டு கிலோமீட்டர் டிராஃபிக்ல உருட்டிட்டு வர்றப்பவே டர்போ ஆறிடும். இப்போ வர்ற பல டர்போக்களைச் சுத்தி கூலன்ட் ஓடுது. சில வண்டிகளில் ஆஃப் பண்ணின பிறகும் எலக்ட்ரிக் பம்ப் அதைச் சுத்த விடும். ஹைவேயில் விரட்டிட்டு வந்து நேரா டீக்கடையில் நிறுத்துறப்பவும், மலை ஏறி முடிச்ச உடனேயும்தான் கவனம் வேணும். அப்போ ஒரு நிமிடம் சீட்டிலேயே உட்காருங்க. நான் அந்த நேரத்துலதான் வீட்டுக்கு மெசேஜ் போடுவேன். கூடவே, மேனுவலில் சொன்ன கிரேடு ஆயிலை நேரத்துக்கு மாத்துங்க.

இதுக்கு அப்புறமும் டைமர்தான் வேணும்னா, பணம் கொடுக்குறதுக்கு முன்னாடி ஹேண்ட்பிரேக்கை இறக்கிவிட்டு சாவியை எடுத்துப் பாருங்க. இன்ஜின் அந்த நொடியே நிக்கணும். நிக்கலைன்னா வண்டியை எடுக்காதீங்க.