பிள்ளை கடற்படையில்: போன் வராத நாட்களில் பெற்றோர் என்ன செய்யலாம்?

சென்னை சென்ட்ரலில் இருந்து வடக்கே போகும் ரயில்கள் பேசின் பிரிட்ஜைத் தாண்டி, கொருக்குப்பேட்டை, தண்டையார்பேட்டை, வ.உ.சி. நகர், திருவொற்றியூர் வழியாகத்தான் எண்ணூரைக் கடக்கின்றன. ஹவுரா பக்கம் போகும் விரைவு ரயில்கள் தண்டையார்பேட்டையில் நிற்பதில்லை. இந்த வடசென்னைப் பக்கத்துப் பிள்ளைகள் கடற்படைப் பயிற்சிக்குக் கிளம்பினால், முதலில் சென்ட்ரல் வரை போய், அங்கே ரயிலேறி, கொஞ்ச நேரத்தில் தங்கள் பேட்டையையே ஜன்னல் வழியாகப் பார்த்தபடி ஒடிசாவுக்குப் போகிறார்கள்.

போகும் இடம் ஐ.என்.எஸ். சில்கா. சில்கா ஏரிக்கரையில் இருக்கும் இந்தத் தளத்தில்தான், நான்கு ஆண்டுப் பணிக்குச் சேரும் கடற்படை அக்னிவீரர்களுக்கு 16 வார அடிப்படைப் பயிற்சி. பதினேழரை வயதிலேயே சேரலாம் என்பதால், 18 நிறையாதவர்களின் சேர்க்கைப் படிவத்தில் பெற்றோரும் கையெழுத்துப் போட வேண்டும். பல வீடுகளில் கடற்படையோடு பெற்றோருக்கு நேரடியாக இருக்கும் முதல் தொடர்பு அந்தக் கையெழுத்து. கடைசித் தொடர்பும் அதுவாகவே போய்விடுகிறது. அதற்குப் பிறகு எல்லாமே பிள்ளையின் போன் வழியாகத்தான். போன் வராவிட்டால் வீடு தவித்துப் போகிறது.

இப்படி இருக்க வேண்டியதில்லை. போன் ஏன் வரவில்லை என்பதற்குக் காரணங்கள் உண்டு. போன் இல்லாமலே பிள்ளையை எட்டுவதற்கும் வழி உண்டு.

முதலில், பிள்ளை எங்கே இருக்கக்கூடும்? சில்கா முடிந்ததும் அவரவர் பிரிவுக்கு ஏற்ற தொழிற்பயிற்சி. இன்ஜின் பிரிவுக்கு லோனாவாலாவில் ஐ.என்.எஸ். சிவாஜி, மின் பிரிவுக்கு ஜாம்நகரில் ஐ.என்.எஸ். வல்சுரா, பீரங்கிப் பிரிவுக்குக் கொச்சியில் ஐ.என்.எஸ். துரோணாச்சார்யா. அதன் பிறகு மும்பை, கார்வார், கொச்சி, விசாகப்பட்டினம், அந்தமான் என்று எங்கு வேண்டுமானாலும் போஸ்டிங் வரலாம். தமிழ்நாட்டிலும் கடற்படைத் தளங்கள் இருக்கின்றன: சென்னையில் ஐ.என்.எஸ். அடையாறு, அரக்கோணத்தில் ராஜாளி, உச்சிப்புளியில் பருந்து, திருநெல்வேலி மாவட்டம் விஜயநாராயணத்தில் கட்டபொம்மன். ஆனால் போர்க்கப்பல்களின் கூட்டம் இருப்பது மும்பையிலும் விசாகப்பட்டினத்திலும்தான். 2016 நவம்பரில் கடற்படையில் சேர்க்கப்பட்ட ஐ.என்.எஸ். சென்னை என்ற நாசகாரிக் கப்பலே மும்பையில்தான் நிற்கிறது. சென்னையின் பெயரைச் சுமக்கும் கப்பலுக்கே சொந்த ஊரில் இடமில்லை. பிள்ளைக்குக் காசிமேட்டுப் பக்கமே போஸ்டிங் கிடைக்கும் என்று காத்திருப்பதில் பயனில்லை.

அந்த ஐ.என்.எஸ். சென்னைதான் 2024 ஜனவரி 5 அன்று சோமாலியாவுக்கு அப்பால் எம்.வி. லீலா நார்ஃபோக் என்ற சரக்குக் கப்பலுக்கு விரைந்தது. கடற்கொள்ளையர் ஏறிவிட்டதாகத் தகவல். 15 இந்தியர்கள் உட்பட 21 பேர் மீட்கப்பட்டார்கள். ஏடன் வளைகுடாவில் 2008 அக்டோபரில் இருந்தே நம் போர்க்கப்பல்கள் மாறி மாறிக் காவலுக்கு நிற்கின்றன. அப்படி ஓட்டத்தில் இருக்கும் கப்பலில் நம் பிள்ளை இருந்தால், செய்தி முதலில் டி.வி.யில்தான் வரும். கப்பல் கரையை விட்டுத் தள்ளிப் போனதும் செல்போன் டவர் கிடையாது. கப்பலில் உள்ள செயற்கைக்கோள் தொடர்பு, பணிக்குப் போக மீதி இருந்தால்தான் சொந்தப் பேச்சுக்கு. நீர்மூழ்கி என்றால் அதுவும் இல்லை.

கரையில் இருக்கும்போதும் சில நேரம் போன் வராது. அதற்குப் பின்னால் ஒரு வழக்கு இருக்கிறது. 2019 டிசம்பரில், சமூக ஊடகம் வழியாகச் சிக்கவைக்கப்பட்டுத் தகவல் கொடுத்ததாக ஏழு கடற்படையினர் ஆந்திரக் காவல்துறையிடம் கைதானார்கள். அந்த மாதக் கடைசியிலேயே கடற்படை தன் ஆட்களுக்கு ஃபேஸ்புக்கைத் தடை செய்தது. தளங்கள், கப்பல் கட்டும் துறைகள், போர்க்கப்பல்கள் ஆகியவற்றுக்குள் ஸ்மார்ட்போன் கூடாது என்றும் உத்தரவிட்டது. ஆகவே பிள்ளை போனை எடுக்கவில்லை என்றால், போன் எங்கோ பூட்டிய பெட்டியில் இருக்கிறது என்றே முதலில் எடுத்துக்கொள்ளலாம்.

இதில் பெற்றோருக்கும் ஒரு வேலை உண்டு. “என் மகன் கப்பல் நாளைக்குக் கிளம்புது” என்று வாட்ஸ்அப்பில் ஸ்டேட்டஸ் வைப்பது, சீருடைப் படத்தைக் கப்பல் பெயரோடு போடுவது எல்லாம் பெருமையில் செய்வதுதான். ஆனால் உளவு பார்ப்பவருக்கு வேண்டிய பாதி வேலையை நாமே முடித்துக் கொடுத்துவிடுகிறோம். சொந்தக்காரர்கள் கேட்டால் “ட்யூட்டில இருக்கான்” என்று நிறுத்திக்கொள்வது நல்லது. “உங்க பையன் போலீஸ்ல மாட்டிக்கிட்டான், பணம் அனுப்புங்க” என்று வரும் மோசடி அழைப்புகளுக்கும் இப்படிப்பட்ட பதிவுகளே தீனி.

சரி, வீட்டில் அவசரம், பிள்ளையின் போன் அணைந்திருக்கிறது. என்ன செய்வது? இங்கேதான் பெரும்பாலான பெற்றோருக்குத் தெரியாத ஒருவர் வருகிறார்: டிவிஷனல் ஆபீசர். கப்பலிலோ தளத்திலோ ஒவ்வொரு மாலுமியும் ஏதாவது ஒரு டிவிஷனில் இருப்பார். அந்த டிவிஷனுக்குப் பொறுப்பான அதிகாரி, வேலையை மட்டும் பார்ப்பவர் அல்ல. மாலுமியின் விடுப்பு, உடல்நலம், குடும்பக் கஷ்டம் எல்லாமே அவர் கவனத்துக்குப் போக வேண்டியவை. பிள்ளையிடம் அவர் பெயரையும் அலுவலக எண்ணையும் ஒவ்வொரு போஸ்டிங்கிலும் கேட்டு வாங்கி வையுங்கள். கூடவே சர்வீஸ் நம்பர், பதவி, பிரிவு. கப்பலுக்குக் கடிதம் எழுதினால், கப்பல் பெயருக்குக் கீழே மும்பை, விசாகப்பட்டினம், கொச்சி ஆகியவற்றில் எந்த ஃப்ளீட் மெயில் ஆபீஸ் வழியாகப் போக வேண்டுமோ அதை எழுத வேண்டும். கப்பல் எந்தக் கடலில் இருந்தாலும் முகவரி மாறாது. இருக்குமிடமும் வெளியே தெரியாது. மாலுமிகளின் பணிப் பதிவேடுகள் மும்பை மான்கூர்டில் உள்ள பீரோ ஆஃப் செய்லர்ஸ் அலுவலகத்தில் இருக்கின்றன. உள்ளூரில் உதவிக்கு மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகம். பெயரில்தான் ‘முன்னாள்’, பணியில் இருப்பவர்களின் குடும்பத்தாரும் போகலாம்.

என் பார்வையில் இதில் ஒரு குறை உண்டு. கடற்படையின் குடும்ப நல ஏற்பாடுகள் பெரும்பாலும் மனைவி, குழந்தைகளைச் சுற்றியே அமைந்தவை. குடியிருப்பு, பள்ளி, மனைவியர் சங்கம் என எல்லாம் தளத்தை ஒட்டி இருக்கின்றன. திருமணமாகாத 19 வயது மாலுமிக்குக் குடும்பம் என்றால் தாய் தகப்பன்தான். அவர்களோ ஆயிரம் கிலோமீட்டருக்கு அப்பால், இந்தியோ ஆங்கிலமோ அதிகம் பேசாமல், ஒரு சந்து வீட்டில் இருக்கிறார்கள். பயிற்சியில் சேரும்போதே டிவிஷனல் முறை பற்றி ஒரு பக்கத் தாளைத் தாய்மொழியில் கையில் கொடுத்துவிட்டால் எவ்வளவோ பதற்றம் குறையும்.

வீட்டுச் செய்தியைச் சொல்வதா, மறைப்பதா என்பது அடுத்த குழப்பம். 2023 டிசம்பர் 4 கடற்படை நாள். பிரதான விழா மகாராஷ்டிரத்தில் சிந்துதுர்க்கில் நடந்தது. அதே நாளில் மிக்ஜாம் புயல் மழையில் வடசென்னை மூழ்கிக் கிடந்தது. மின்சாரம் இல்லை, போனில் சார்ஜ் இல்லை, எண்ணூர்ப் பக்கம் வெள்ளத்தோடு எண்ணெயும் சேர்ந்து வந்தது. அன்றைக்கு வீட்டுப் போனுக்காகக் காத்திருந்தது தூரத்தில் இருந்த பிள்ளைகள். டி.வி.யில் தெருவைப் பார்த்துவிட்டு, வீட்டில் யாரும் எடுக்காத போனை அடித்துக்கொண்டிருப்பது சின்ன வேதனை இல்லை. வெளியூரில் இருக்கும் ஒரு உறவினர் எண்ணை முன்கூட்டியே பிள்ளையிடம் கொடுத்து, “எங்க லைன் கிடைக்கலைன்னா இவங்ககிட்ட கேளு” என்று சொல்லி வைப்பது இதற்காகத்தான். அப்பாவுக்கு ஆபரேஷன் என்றால் மறைக்காதீர்கள். பிறகு வேறு யார் வாயாலோ கேள்விப்படுவது அதைவிட மோசம். ஆனால் அண்ணன் தம்பி சண்டையை ராத்திரி வாட்ச் ஏறப்போகிறவனிடம் சொல்லி ஆகப்போவது ஒன்றுமில்லை. அவசர விடுப்பு கிடைத்தாலும், கப்பல் நடுக்கடலில் இருந்தால் அடுத்த துறைமுகம் வரை காத்திருக்கத்தான் வேண்டும்.

மௌனத்துக்கு எப்போதும் சாதாரணக் காரணம்தான் என்று சொல்லிவிடவும் முடியாது. 2016 ஜூலை 22 அன்று தாம்பரத்தில் இருந்து போர்ட் பிளேருக்குப் பறந்த விமானப்படையின் ஏ.என்.-32 விமானம் 29 பேரோடு வங்கக் கடலில் காணாமல் போனது. அதில் கடற்படையினரும் இருந்தார்கள். செப்டம்பரில், இறந்துவிட்டதாகக் கருதப்படுகிறார்கள் என்று குடும்பங்களுக்குத் தெரிவிக்கப்பட்டது. சென்னையில் இருந்து சுமார் 310 கி.மீ. தொலைவில், 3,400 மீட்டர் ஆழத்தில், தேசியப் பெருங்கடல் தொழில்நுட்ப நிறுவனத்தின் தானியங்கி நீரடிக் கருவி எடுத்த படங்களில் சிதைவுகள் தெரிந்ததாக அறிவிப்பு வந்தது 2024 ஜனவரியில். ஏழரை ஆண்டுகள். இப்படியொரு நாளை யாரும் பேச விரும்ப மாட்டார்கள். ஆனாலும் நாமினி யார், வங்கிக் கணக்கு எது என்பதை விடுப்பில் வரும்போது பேசிவிட வேண்டும். அக்னிவீரருக்கு 48 லட்சம் ரூபாய் ஆயுள் காப்பீடு உண்டு. அதற்கு அவர் தனியாகப் பணம் கட்ட வேண்டியதில்லை.

கடைசியாகப் பணம். அக்னிவீரரின் முதலாண்டு மாதத் தொகுப்பு 30,000 ரூபாய். கைக்கு வருவது 21,000. மீதி 9,000 சேவா நிதிக்குப் போகிறது. அரசும் அதே அளவு போடுகிறது. நான்காம் ஆண்டில் தொகுப்பு 40,000 ஆகும். முடிவில் வட்டியோடு சுமார் 11.71 லட்சம் கிடைக்கும் என்பது அரசின் கணக்கு. வருடத்துக்கு 30 நாள் விடுப்பு. நான்கு ஆண்டும் திருமணம் கூடாது என்பதால், பெண் பார்க்கும் படலத்தை அம்மாக்கள் தள்ளிவைத்தே ஆக வேண்டும்.

நான்கு ஆண்டுக்குப் பின் அதிகபட்சம் 25 சதவீதம் பேர்தான் தொடர்வார்கள். 2022 இறுதியில் சில்காவில் சேர்ந்து, 2023 மார்ச் 28 அன்று சூரியன் மறைந்த பிறகு அணிவகுத்து வெளியேறிய முதல் அணி சுமார் 2,600 பேர். பெண்கள் 270க்கும் மேல். அவர்களுக்கு அந்த நான்கு ஆண்டுக் கணக்கு முடிவது 2026 இறுதியில். அந்த 11 லட்சத்தை நம்பி இப்போதே தங்கை கல்யாணத்துக்கோ வீட்டுக் கடனுக்கோ வாக்குக் கொடுப்பதற்கு முன் பிள்ளையை ஒரு வார்த்தை கேளுங்கள். வெளியே வந்து படிக்கவோ தொழில் தொடங்கவோ அவர்களிடம் இருக்கப்போகும் கைமுதல் அதுதான். கடலோரக் காவல்படையிலும் மத்தியக் காவல் படைகளிலும் 10 சதவீத ஒதுக்கீடு 2022இல் அறிவிக்கப்பட்டது. வயது வரம்பு தாண்டுமுன் விண்ணப்பிக்க வேண்டும். யார் தொடர்வது என்பது பணித் தகுதியையும் கடற்படையின் தேவையையும் வைத்து முடிவாகும். அந்த 25 சதவீதத்தில் சேர்த்துவிடுகிறேன் என்று யாராவது வாசலுக்கு வந்து காசு கேட்டால், அது மோசடி.